எங்கள் வீட்டிற்கு ஒரு ரூட்டர்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இணைய வசதி இல்லாத வீடு விளக்கில்லாத வீடு போன்றது என்று இன்று பலரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இணையம் வந்து சேர்ந்த வீட்டிலும் விளக்கெரியாத அறை ஒன்று இருக்க முடியும். எங்கள் வீட்டின் பின்னறை அப்படிப்பட்டது. அந்த அறையில்தான் என் அக்கா வேலை செய்கிறாள்.

வெளியூர் நிறுவனம் ஒன்றின் படிவங்களைக் கணினியில் சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. முடித்த படிவத்திற்குத்தான் கூலி. நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி முடித்த படிவம் மறைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முன்னறையில் உட்கார்ந்து செய்யலாமே என்று கேட்பீர்கள். முன்னறை அப்பாவின் தையற்கடை. இரண்டு மிஷின்களும், அளவு கொடுக்க வருகிறவர்களும் போக அங்கே ஒரு நாற்காலி போட இடமில்லை. ஆகவே, "புதுசா ஒரு ரூட்டர் வாங்கிடலாம்டா" என்று தன் சேமிப்பிலிருந்து 4,000 ரூபாயை எடுத்து என்னிடம் நீட்டினாள் அக்கா. "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, நீயே பாத்து வாங்கு" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட முதல் பணம் அதுதான்.

கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் கொம்புகள் முளைத்த பெட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். "ஆறு கொம்பு வச்சதை எடுத்துக்க தம்பி, தெருவுக்கே எடுக்கும்" என்றார். "ரெண்டு நாள்ல வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்ததை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பினேன்.

பெட்டிகளின் மேல் எழுதியிருப்பது ஒரு தனி இலக்கியம்! ஏசி 1200 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டிச் சற்றே உயர்த்தினால் 1200. பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் போகிறது, இரயில் 80 போகிறது, ஆகவே எங்கள் ஊரின் வேகம் 130 என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? அதுவும் ஏட்டளவு வேகம்தான். நாங்கள் மாதக் கட்டணம் கட்டி வாங்கும் வேகமோ 50 மெகாபிட். இன்னொரு வேடிக்கை: 1200 என்று போட்ட பெட்டிகள் சிலவற்றின் முதுகில், கம்பி செருகும் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்கா. கூடம் விசாலம், வாசல் குறுகல்.

கொம்புகளின் கதையும் இதுதான். அலையின் ஆற்றலுக்கு அரசு விதியில் வரம்பு உண்டு. கொம்பு கூடுவதால் அந்த வரம்பு கூடாது. நேராக நிற்கும் கொம்பிலிருந்து அலை பக்கவாட்டில்தான் மிகுதியாகப் பரவும்; நுனி நோக்கும் திசையில் ஏறக்குறைய ஒன்றும் போகாது. உளுந்துவடையின் துளைக்குள் ஒரு குச்சியைச் செருகிப் பாருங்கள்: குச்சிதான் கொம்பு, வடைதான் அலை. பின்னறையை நோக்கிக் கொம்பைச் சாய்த்து நீட்டி வைத்தால் பின்னறைக்குத்தான் நட்டம்!

பிறகு தலைமுறைக் கணக்கு. கம்பியில்லா இணைப்புக்கான முதல் தரம் 1997-இல் வந்தது. வைஃபை 4, 5, 6 என்று எண்ணிட்டு அழைக்கும் வழக்கம் 2018-இல் ஏற்பட்டது. 2024 முதல் வைஃபை 7 என்று சான்று பெற்ற கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அக்காவின் மடிக்கணினி ஐந்தாம் தலைமுறை. எதிரே நிற்பவருக்குத் தெரிந்த மொழியில்தானே ரூட்டர் பேச வேண்டும்? ஏழாம் தலைமுறைக்குக் கொடுக்கும் பணம் அவள் மேசை வரை வந்து சேராது.

ஆகவே கடையை விட்டு வீட்டை ஆராய்ந்தேன். அலையின் வலிமையை டிபிஎம் கணக்கில் காட்டும் செயலி ஒன்று கைபேசியில் உண்டு. 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். இயற்பியல் மாணவர்களுக்கு இது மடக்கைக் கணக்கு. முன்னறையில் மைனஸ் 40. அடுப்படியில் மைனஸ் 66. பின்னறையில் மைனஸ் 82. அதாவது முன்னறையில் கிடைப்பதில் ஏறத்தாழ பதினாறாயிரத்தில் ஒரு பங்குதான் அக்காவின் மேசைக்கு வருகிறது. நடுவில் இருப்பவை ஒன்றரை அடிச் சுவர்கள் இரண்டு. அவற்றில் ஒன்றை ஒட்டி அம்மாவின் இரும்பு பீரோ.

சுவரைத் தாண்டும் அலை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலையைச் சுவர் தாண்டிச் செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். ஆனால் செங்கல் அலையைச் சிறிது சிறிதாக உண்ணும். இரும்போ வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். இரண்டுக்கும் முன்னால் பீரோ ஒரு மலை.

அம்மாவின் முணுமுணுப்பைப் பொறுத்துக்கொண்டு பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். மைனஸ் 76. தையல் மேசைக்கு அடியில் துணிமூட்டைகளுக்கு நடுவே கிடந்த பழைய ரூட்டரைப் பரண்மேல் ஏற்றினேன். மைனஸ் 72. ஒரு பைசா செலவில்லாமல் வலிமை பத்து மடங்கு! ஆயினும் இணைப்பு இடையிடையே அறுந்தது. பத்து மடங்கு அக்காவுக்குப் போதவில்லை.

இந்த இடத்தில் பலரும் ரிப்பீட்டர் வாங்குவார்கள். நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன். விலை குறைந்த ரிப்பீட்டர் கேட்பதும் பேசுவதும் ஒரே அலைவரிசையில்; கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. வேகம் பாதியாகும். மெலிந்த அலையைக் கொடுத்தால் மெலிந்த இணைப்பைத்தான் அது திருப்பித் தரும். இதைவிடக் கம்பியே மேல். முன்னறையிலிருந்து பின்னறைக்கு 18 மீட்டர். இவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை சோர்வின்றிச் செல்லும். கம்பியின் முனையில் இரண்டாவது ரூட்டரை வைத்துவிட்டால் சுவர் ஒரு பொருட்டே அன்று.

ஆனால் சுவர் அப்பாவுக்குப் பொருட்டாக இருந்தது. "எங்கப்பன் கல்லு சுமந்து கட்டின செவுரு. ஓட்டை கீட்டை போடற வேலை வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தையலில் குனிந்துகொண்டார். அதற்குமேல் பேச்சில்லை. எனக்கும் அவரை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டு மேலே காட்டினார். எங்களுடையது ஓட்டு வீடு. சுவரின் தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே அணில் போய்வரும் சந்து ஒன்று உண்டு. "அது போற வழியில உன் வயரும் போகட்டுமே" என்றார். அணில் கடிக்குமே! பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. குழாயை அளந்து அறுத்துக் கொடுத்தவரும் அவரே. தையற்காரர் அளவு தவறுமா?

மறுபடியும் கடைக்குப் போனபோது என் கேள்விகள் நான்குதான். துளைகள் ஆயிரம் மெகாபிட் தாங்குமா? அக்செஸ் பாயின்ட்டாக வைக்கும் வசதி உண்டா? 2018-இல் வந்த டபிள்யூபிஏ 3 பாதுகாப்பு உண்டா? தயாரித்தவர்கள் மென்பொருளை இன்னும் புதுப்பித்துத் தருகிறார்களா? "காலேஜா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். நான்கு கொம்புள்ள நடுத்தரப் பெட்டி 2,100 ரூபாய். கம்பியும் குழாயும் 700. இன்னும் 1,200 இருந்தது.

அதை என்ன செய்வது என்பது எனக்கு முன்பே தெரியும். மின்சாரம் போனால் அக்காவின் கூலியும் போகும். ஆனால் ஒளியிழையில் வருவது வெறும் ஒளி. உள்ளே வருவது 1490 நானோமீட்டர், வெளியே போவது 1310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கம்பத்தில் அந்த ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. எனவே தெருவே இருண்டாலும் இணைப்பு நம் வாசல் வரை வந்து நிற்கிறது. நம் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் போதும். சிறிய யுபிஎஸ் ஒன்று 1,150 ரூபாய்க்கு வாங்கி முன்னறைப் பெட்டியில் மாட்டினேன். மின்சாரம் போனால் பின்னறை ரூட்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கி நேரே மடிக்கணினியில் செருகிக்கொள்ளும்படி அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன்.

"ராத்திரி பகலா எரியுதே, கரண்ட் பில் ஏறாதா?" என்றாள் அம்மா. 10 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்திற்கு 14 யூனிட் சொச்சம். அரசு தரும் இலவச யூனிட் அளவை எங்கள் வீடு இன்னும் தாண்டவில்லை என்று அட்டையை எடுத்துக் காட்டிய பிறகே சமாதானமானாள்.

இப்போது பின்னறையில் மைனஸ் 43. மீதி 50 ரூபாயை அக்கா எண்ணி வாங்கிக்கொண்டாள். சென்ற மாதம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். முன்னறையில் அப்பா கத்தரியை மடக்கி வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போனார். பின்னறையில் அக்கா கம்பியை மாற்றிச் செருகிக்கொண்டு பன்னிரண்டு மணிவரை படிவங்களை முடித்தாள். பிறகு யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கும் அணைந்தது. அவளும் திண்ணைக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.