லேப்டாப் சார்ஜ் ஏறலையா? முதல்ல ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வைங்க!

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி. இரவு பதினொன்றரை மணி. விடிந்தால் பி.காம் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் வைவா. அறிக்கையில் இன்னும் இரண்டு அட்டவணையும் முடிவுரையும் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் அவனுடைய லேப்டாப் மக்கர் பண்ணியது. சார்ஜர் செருகியிருக்கிறது, திரையும் எரிகிறது. ஆனால் பேட்டரி 14 சதவீதத்திலேயே உட்கார்ந்துகொண்டு "செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை" என்கிறது.

விடுதியில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வரலாம், யோசனைக்கு வராது. ஒருவன் வந்து "பின்னை ஆட்டி ஆட்டிப் பாரு மாப்ள" என்றான். அடுத்தவன் பக்கத்து அறையிலிருந்து வேறொரு சார்ஜரைத் தூக்கி வந்து, "ஓட்டைக்குள்ள போகுதுல்ல, அப்புறம் என்ன?" என்றான். மூன்றாமவன் கையில் ஸ்க்ரூ டிரைவரே இருந்தது! மூவருமே நல்ல மனசுக்காரர்கள். மூன்று யோசனையுமே வம்பு.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் லெட்ஜரைக் கிழித்துப் பார்ப்பதில்லை. முதலில் கூட்டல், பிறகு பேலன்ஸ் சரியாக எடுத்து எழுதப்பட்டதா, பிறகு போஸ்டிங் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். அவனும் அதைத்தான் செய்தான். சுவரில் ஆரம்பித்து லேப்டாப்பை நோக்கி வந்தான்.

முதலில் பிளக் பாயிண்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினான். அதே பாயிண்டில் போனைப் போட்டால் ஏறுகிறது. ஆக, சுவர் சரி. ஆனால் அவன் சார்ஜருக்கு மூன்று பின். அதை இரண்டு பின்னாக மாற்றும் சின்னக் கட்டை ஒன்றில் மாட்டித்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தான். லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை பட்டால் சில நேரம் சுர்ரென்று இருக்குமே, அது இதனால்தான். சார்ஜருக்குள் மின் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நம் கை வழியாகப் போகப் பார்க்கும். நம் ஊர் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது அழகுக்கு இல்லை. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். அதைப் போய் நாம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம்.

அடுத்தது சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஒரு ஜாதகமே எழுதியிருக்கும். உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட், வெளியே போவது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். இரவல் சார்ஜரின் பின் உள்ளே போகிறதா என்பது பெரிய விஷயமில்லை. வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. டைப்-சி என்றால் சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி எத்தனை வோல்ட் என்று முடிவு செய்துகொள்ளும். ஆனால் போன் சார்ஜரின் சொற்ப வாட்டை வைத்துக்கொண்டு லேப்டாப் பசியாறாது. 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். பக்கத்து அறைச் சார்ஜரில் வோல்ட்டே வேறாக இருந்தது. அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சார்ஜரைத் திறந்து பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் அது மிச்சமிருக்கலாம்.

மூன்றாவது செட்டிங்ஸ். பேட்டரி ஆயுளைக் காப்பாற்ற 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது நிறைய லேப்டாப்களில் இருக்கிறது. அது போட்டிருப்பது தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. இவனுடையது நின்றது 14இல், எனவே காரணம் இதுவும் இல்லை.

நான்காவது, சார்ஜர் செருகும் துளை. ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். கொஞ்சம் பஞ்சு இருந்தது, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தான். (ஊக்கு, ஊசி எல்லாம் கூடாது.) கருகல், உருகல், தீய்ந்த வாசனை எதுவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஐந்தாவது, சார்ஜர் இல்லாமல் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிப்பது. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, சார்ஜைக் கவனிக்கும் சர்க்யூட் புதிதாகத் தொடங்கும். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். அதற்காக லேப்டாப்பை மூடி மேசையில் வைத்தான்.

அது ஆடியது.

மேசை சமமாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் லேசாகப் புடைத்திருக்கிறது. இரண்டு வாரமாக டச்பேட் க்ளிக் ஆகாமல் படுத்தியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. உள்ளே பேட்டரி உப்பிக்கொண்டிருந்தது.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் நேர், எதிர்த் தகடுகளைப் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றுதான். பேட்டரி கெடும்போது உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, உறை உப்பும். அந்த நிலையில் அழுத்தினாலோ குத்தினாலோ தாள் கிழிந்து, ஷார்ட் ஆகி, தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். 2006 ஆகஸ்ட்டில் டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த அந்த செல்களுக்குள் கலந்திருந்த நுண்ணிய உலோகத் துகள்கள் ஷார்ட் ஆக்கிவிடும் என்பதுதான் காரணம். துகளுக்கே அந்தப் பாடு என்றால் ஸ்க்ரூ டிரைவருக்கு?

"அஞ்சே நிமிஷம் மாப்ள, கழட்டிடுறேன்" என்றான் மூன்றாமவன். "வேணாம்டா, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி ஃபைலை மட்டும் எடுத்துக்கோ" என்றான் முதலாமவன். அவனுக்கும் ஆசைதான். நாற்பது பக்கம் அதற்குள்தானே இருக்கிறது! ஷட் டவுன் செய்வதற்கு முன்பே ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கலாம், பதற்றத்தில் தோன்றவில்லை. அன்று அவன் செய்த உண்மையான தப்பு அது ஒன்றுதான்.

பட்டன் மேல் போன கையை எடுத்துவிட்டான். மெத்தை, புத்தகம் எதுவும் பக்கத்தில் இல்லாத வராந்தாவின் வெறும் சிமெண்ட் தரையில் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தான். மெயிலைத் தேடியதில், பத்து நாளுக்கு முன் கைடுக்கு அனுப்பிய பழைய வரைவு கிடைத்தது. நண்பனின் லேப்டாப்பில், கேள்வித்தாள் கட்டைப் பிரித்து மறுபடி எண்ணி, அட்டவணைகளை முடிக்கும்போது மணி நாலரை. வைவாவில், "முடிவுரை ஏம்ப்பா இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டார்கள். என்னத்தைச் சொல்வது :)

மறுநாள் ரிப்பேர் கடை அண்ணன் அடி மூடியைக் கழற்றியபோது, தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி பூரி மாதிரி இருந்தது. "தம்பி, இதுல ஸ்க்ரூ டிரைவர் பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். நாற்பது பக்கமும் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. சார்ஜ் ஏறாவிட்டால் ஃபைல் போய்விட்டது என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். அது பத்திரமாகத்தான் இருக்கும், ஒருநாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளக், லேபிள், செட்டிங்ஸ், டார்ச், பவர் பட்டன். ஸ்க்ரூவுக்கு வெளியே உள்ள இதெல்லாம் நம் வேலை. உள்ளே இருப்பது கடைக்கார அண்ணன் வேலை.

பி.கு: உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல்தான் வைத்திருக்கின்றன. அந்த இரண்டு பின் கட்டை மட்டும் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.