சாங் கேட்டில் கேட்ட கணக்கு

பஞ்சம் வந்தால் மண் வெட்டும் வேலை, வேலை முடிந்தால் அரைக் கூலி என்று பழகிப்போன ராஜஸ்தான் குன்றுகளில், வேலையை விடக் கணக்கே பெரிய போராட்டமானது.

பியாவருக்குப் போகிறவர்கள் தில்பட்டி வாங்காமல் திரும்புவதில்லை. எள்ளையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்து, அப்பளம்போல மெலிதாகத் தேய்த்த வட்டங்கள். குளிர்காலம் வந்துவிட்டால் கடைத்தெருவெங்கும் எள் வறுபடும் வாசனைதான். ராஜஸ்தானில் அஜ்மீருக்குத் தென்மேற்கே, ஆரவல்லிக் குன்றுகளை ஒட்டியிருக்கும் இந்த நகரம் ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர் போனது. 2023-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆகிவிட்டது. ஆனால் நாட்டின் சட்டப் புத்தகத்தில் பியாவர் இடம்பிடித்ததற்கு எள்ளும் காரணமில்லை, பஞ்சும் காரணமில்லை. மண் சுமந்த கூலியாட்கள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

ஊரை நிர்மாணித்தவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி, சார்லஸ் ஜார்ஜ் டிக்சன். ஆண்டு 1836. நேர்கோடாக ஓடும் தெருக்கள், சுற்று மதில், நான்கு திசையிலும் வாசல்கள். சுற்றியிருந்த மேர்வாடாக் குன்றுகளில் வாழ்ந்த மேர் மக்களை வழிப்பறிக்காரர்கள் என்று கும்பினியார் எழுதிவைத்திருந்தார்கள். டிக்சன் அவர்களைக்கொண்டே குன்றுகளுக்கு நடுவில் கரைகள் எழுப்பி ஏரிகள் அமைத்தார். வேலைக்கு வேலையும் ஆயிற்று, விவசாயத்துக்குத் தண்ணீரும் ஆயிற்று. 1857-இல் இறந்த அவருடைய கல்லறை இந்த ஊரிலேயே இருக்கிறது.

பிழைப்பில்லாதவர்களுக்கு மண் வேலை கொடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. விக்ரம ஆண்டு 1956-இல், அதாவது 1899–1900-இல் வந்த ‘சப்பனியா’ பஞ்சம் ராஜஸ்தான் கிழவிகளின் பேச்சில் நெடுங்காலம் இருந்தது. மழை பொய்த்தால் சர்க்கார் சாலையோ குளமோ வெட்ட ஆரம்பிக்கும். மழை பெய்தால் வேலை நின்றுவிடும். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 1964-இல் ராஜஸ்தான் அரசு ஒரு சட்டமே போட்டது: பஞ்ச நிவாரண வேலைகளுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது. பசித்தவனுக்கு வேலை கொடுப்பதே பெரிது, அதில் குறைந்தபட்சக் கூலி வேறா என்பதுதான் அதன் உட்பொருள்.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு சாதாரணச் சாலை. அஜ்மீர் மாவட்டத்திலேயே, மதன்கஞ்சிலிருந்து ஹர்மாரா போகும் சாலை. அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கும்பலாக வெட்டிய மண்ணை மொத்தமாக அளந்து கூலியைப் பங்கிட்டதால், நாள் முழுதும் முதுகொடிந்தவருக்கும் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. திலோனியாவில் தொண்டு நிறுவனம் நடத்திவந்த பங்கர் ராய் உச்ச நீதிமன்றம் போனார். 1983-இல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு தெளிவாக இருந்தது. மக்களின் கையறு நிலையைப் பயன்படுத்திக் குறைந்த கூலிக்கு வேலை வாங்க அரசுக்கு உரிமை கிடையாது; அது கட்டாய உழைப்பு; சர்க்கார் கொடுப்பது தர்மம் அல்ல.

தீர்ப்பு டில்லியில் இருந்தது. கூலி மஸ்டர் ரோலில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்க்கப் பியாவரிலிருந்து தெற்கே பீம் வரை போக வேண்டும். சாலையின் இருபுறமும் கல்லும் முள்ளும்; இடையிடையே கோதுமைப் பச்சை. பீம் பக்கத்தில் தேவ்துங்ரி என்ற குக்கிராமம். 1987-இல் அங்கே ஒரு மண் வீட்டில் மூன்று பேர் குடியேறினார்கள்: சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியை 1970-களில் உதறிய அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங். 1990 மே தினத்தன்று பீமில் ‘மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ பிறந்தது. முதல் கோரிக்கை எளிமையானது: சட்டம் சொல்லும் கூலி முழுதாக வேண்டும்.

அதிகாரிகளின் பதிலும் எளிமையானது: நீங்கள் முழு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். வேலைக்கு வந்தவர் யார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதெல்லாம் மஸ்டர் ரோலில்தான் இருக்கும். வராத ஒருவரின் பெயருக்கு நேரே ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்தால் போதும்; டில்லியிலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் புறப்பட்ட பணம் வேறு பைக்குப் போய்விடும்.

1994 டிசம்பர் 2 அன்று, அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த கோட் கிரானா கிராமத்தில் அந்தத் தாள்கள் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. ‘ஜன் சுன்வாயி’ என்று பெயர், மக்கள் விசாரணை. தாளில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, நாங்கள் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்றார்கள். கணக்கில் முடிந்துபோயிருந்த கட்டடம் எதிரே கூரையில்லாமல் நின்றது. படிக்கத் தெரியாதவர்கள் கணக்குத் தணிக்கை செய்த நாள் அது.

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் ஒரு வாக்குறுதி தந்தார்: பஞ்சாயத்து வேலைகளின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு ஓடியது, நகல் வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று, பியாவரின் சாங் கேட் அருகே கூலியாட்கள் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். நாற்பது நாள். சித்திரை வெயிலில் நகரத்து மக்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற முழக்கம் இந்தக் கடைத்தெருவில் ஒலித்தது. 2000-இல் ராஜஸ்தானுக்கும், 2005-இல் நாட்டுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது.

அதே 2005-இல்தான் தமிழ்நாட்டில் ‘நூறு நாள் வேலை’ என்று அறியப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமும் வந்தது. 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் தொடங்கி, 2008 ஏப்ரலில் கிராமப்புற இந்தியா முழுவதையும் எட்டியது. கூலி முழுவதும் மத்திய அரசின் செலவு. வேலை கேட்டுப் பதினைந்து நாளில் கிடைக்காவிட்டால் படி தர வேண்டும். கோட் கிரானாவில் நடந்த விசாரணை, ‘சமூகத் தணிக்கை’ என்ற பெயரில் இந்தச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக நுழைந்தது. பீமை அடுத்த விஜய்புரா போன்ற பஞ்சாயத்துகளில் சுவரே பதிவேடானது: யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று பெயின்டில் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் சுவரில் பொய் எழுதுவது கடினம்.

பிறகு சுவரிலிருந்து செல்போனுக்கு மாறியது கணக்கு. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் தினம் இரண்டு முறை புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள். கட்டைவிரல் ரேகை போய்க் கேமரா வந்தது. வராதவர் பெயர் மட்டும் போகவில்லை. சிக்னல் கிடைக்காத குன்றில் நாள் முழுதும் மண் சுமந்தவரின் கூலியோ அந்தப் படத்தை நம்பி நின்றது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக ‘விபி-ஜி ராம் ஜி’ என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் நூறிலிருந்து 125 ஆகின்றன. செலவில் பெரும்பாலான மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது பங்கு போட வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் அறுபது நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். நாள் கூடியது லாபமா, மாநிலத்தின் கஜானா காலியானால் என்ன ஆகும் என்ற வாதம் பெரிய நகரங்களில் நடக்கிறது.

பியாவரின் கடைத்தெருவில் அந்த வாதத்துக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. சட்டத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. மண் சுமந்தவர் தன் பெயர் எழுதிய தாளைக் கேட்டால், அது அன்றே அவர் கைக்கு வருகிறதா? 1996-இல் அந்த ஒரு பதிலுக்காகத்தான் சாங் கேட்டில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள்.