7 வயதில் என்ன சடங்கு?

புந்தோங், ஈப்போ

அன்புத் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் உன் வீட்டில் எல்லார் காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது பாப்பாவைக் குளிப்பாட்டினேன் இல்லையா? இடது மார்க்காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கட்டியாகக் கையில் பட்டது. துணி உரசினாலே வலிக்கிறதாம். வலது பக்கம் ஒன்றுமில்லை. புற்றுநோயோ என்று பதறாதே. மார்பு அரும்பும்போது ஒரு பக்கம் முந்துவது உண்டு. சும்மா சும்மா அமுக்கிப் பார்க்காதே.

ஆனால் அவளுக்கு 7 வயதுதான். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு அரும்பினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பள்ளி விட்டு வந்தால் அக்குளில் பெரியவர்கள் மாதிரி வியர்வை வாடை என்று நீயே சொன்னாய். பள்ளி திறந்தபோது வாங்கிய பினாஃபோர் அதற்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மளமளவென்று வளர்கிறாளே என்று உன் மாமியாருக்குப் பூரிப்பு. எலும்பு அவசரமாக முற்றினால் இப்போது வகுப்பிலேயே உயரமாக இருப்பவள் பிறகு குட்டையாக நின்றுவிடக்கூடும்.

நம் அம்மா தோட்டத்தில் 15 வயதில்தான் பெரிய மனுஷி ஆனாராம். லயத்து வீட்டில் சோறும் கருவாடும், விடிந்தால் வெளிக்காட்டு வேலை. இன்று பிள்ளைகளுக்கு உடம்பு பூசினாற்போல் ஆகிவிடுகிறது. எடை கூடினால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வரலாம். கோழி இறைச்சியில் ஹார்மோன் ஊசி என்று பக்கத்து வீட்டில் சொல்வதை நம்பாதே. கோழி பெருப்பது இனத்தாலும் தீனியாலும்தான். சிரப் தண்ணியைக் குறை, அது போதும். பல பெண் பிள்ளைகளுக்கு இப்படி முந்துவதற்குக் காரணமே தெரிவதில்லை. உன் சமையலை நொந்துகொள்ளாதே.

சுங்கை சிப்புட் கிளினிக்கில் காட்டி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கடிதம் கேள். பாப்பாவின் உயரம் எழுதிய புத்தகத்தையும் எடுத்துப் போ. இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், ரத்தமும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் பருவத்தைத் தள்ளிப்போட ஊசி உண்டு. எல்லாருக்கும் தேவைப்படாது.

மாமியார் சடங்குப் பேச்சை எடுத்தால், உளுந்தங்களிக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லிவிடு. பாப்பா காதில் விழ யாரும் கேலி பேச வேண்டாம். உடம்பு முந்தினாலும் அவள் இன்னும் பொம்மையோடு தூங்குகிற பிள்ளை.

திங்கட்கிழமையே போ. அதற்குள் ரத்தம் பட்டாலோ, அடிக்கடி தலைவலி, கண் மங்கல் என்றாலோ திங்கள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வா. நானும் வந்துவிடுகிறேன்.

அக்கா