இடி கேட்டால் இறங்கிவிடு! ஓவர்லுக் மலைக்கு இரண்டு நாய்களுடன் ஒரு நடை

நியூயார்க் என்றதும் வானுயர்ந்த கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த நகரத்திலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் கேட்ஸ்கில் மலைகள். அங்கே உட்ஸ்டாக் ஊருக்கு மேலே நிற்கிறது 3,140 அடி உயர ஓவர்லுக் மலை. அதன் உச்சியில் 60 அடி இரும்புக் கோபுரம் ஒன்று உண்டு. காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கக் கட்டியது அது.

புகையைத் தேடிய கண்கள்

1903, 1908 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் மலைக்காடுகள் பெருந்தீயில் எரிந்தன. ரயில் இன்ஜின்களிலிருந்து பறந்த தீப்பொறியும் அதற்கு ஒரு காரணம். அதன்பிறகு 1909 முதல் மலை உச்சிகளில் கண்காணிப்பு நிலையங்கள் வந்தன. கோபுர உச்சி அறையில் ஒரு காவலர், ஒரு வரைபடம், ஒரு தொலைபேசி. புகை தெரிந்தால் திசையைச் சொல்வார். இன்னொரு கோபுரத்திலிருந்தும் திசை வந்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ! விமானங்கள் வந்தபின் இந்த வேலை மெல்ல மறைந்தது. மூடிக்கிடந்த ஓவர்லுக் கோபுரத்தைத் தன்னார்வலர்கள் சீரமைக்க, 1999-ல் மீண்டும் திறந்தார்கள்.

மேகத்தோடு ஒரு போட்டி

நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். அக்கா, மாமா, நான், கூடவே லட்டு என்ற லேப்ரடாரும் பப்பு என்ற பீகிளும். மதியத்துக்கு மேல் இடியுடன் மழை வரலாம் என்றது வானிலை அறிக்கை. “ஒரு இடி கேட்டாலும் இறங்கிடணும். யார் எங்க நின்னாலும் சரி” என்று கீழேயே சொல்லிவிட்டாள் அக்கா.

திபெத்திய புத்த மடத்துக்கு எதிரே தொடங்குகிறது பாதை. ஒரு வழி 4 கிலோமீட்டர். அகலமான சரளைப் பாதைதான், ஆனால் விடாத ஏற்றம். லட்டுவுக்கு மூச்சிரைத்தபோதெல்லாம் நிழலில் நின்று தண்ணீர் கொடுத்தோம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், 1920-களில் கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்ட ஹோட்டலின் கான்கிரீட் சுவர்கள். கூரை இல்லை, உள்ளே மரங்கள் வளர்ந்திருக்கின்றன.

கோபுரத்தை அடைந்தபோது மேகம் விலகியிருந்தது. இடைவெளி விட்ட இரும்புப் படிகள் நாய்களுக்கு ஆகாது. அதனால் முறை வைத்து ஏறினோம். முதலில் அக்கா, அடுத்து நான். ஒரு பக்கம் ஹட்ஸன் ஆறு, இன்னொரு பக்கம் நியூயார்க் நகருக்குக் குடிநீர் தரும் அஷோகான் நீர்த்தேக்கம். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

நான் இறங்கியதும் மாமா நாய்க் கயிறுகளை என்னிடம் நீட்டினார். லட்டு காதை விறைத்து மேற்கே பார்த்தது. சில நொடிகளில் எங்களுக்கும் கேட்டது, தூரத்து இடி. மேலறையில் இருந்த தன்னார்வலர் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

மாமா அங்கே வந்தது அது மூன்றாவது முறை. முன்பு இரண்டு முறையும் பனிமூட்டம். கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “அது எங்க ஓடிப்போகப் போகுது? வாங்க” என்று கயிறுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி வழியில் கொட்டிய மழையில் ஐந்து பேரும் நனைந்தோம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* காலையிலேயே ஏறுங்கள். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.
* இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். இரும்புக் கோபுரமும் கூரையற்ற சுவர்களும் ஒதுங்கும் இடமல்ல.
* உச்சிப் பாறைகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. நாயைக் கயிற்றிலேயே வைத்திருங்கள்.
* நாய்க்கெனத் தனியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கால்களையும்தான்!
* கோபுரத்தின் மேலறை கோடைக்கால வார இறுதிகளில் தன்னார்வலர்கள் இருக்கும்போது திறந்திருக்கும்.