கடைசி நாலு

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஓர் இளம் அதிகாரி என் காதுபடவே சொன்னார்: "இனிமே நம்பர் பார்க்க ஆளே வேண்டாம், ஏ.என்.பி.ஆர். பார்த்துக்கும்." சென்னை சிக்னல்களில் நின்று நம்பர் பார்த்தே சர்வீஸை முடித்தவன் நான். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது.

நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் அந்தக் கேமராவை நான் குறை சொல்லவில்லை. அகச்சிவப்பு வெளிச்சத்தில் நடுராத்திரியிலும் படிக்கிறது. ஒரு வண்டி விடாமல் படிக்கிறது. பீக் அவரில் எந்தக் கண்ணாலும் அது ஆகாது. ஆனால் அது படிப்பது பிளேட்டை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வண்டியைப் படிக்க.

சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஏட்டையா. ஸ்பென்சர் சிக்னலில் அவரோடு டூட்டி. ஒரு வண்டி தாண்டியதும் "சொல்லு" என்பார். நான் "டி.என்." என்று ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும். "டி.என். எல்லா வண்டியிலயும்தான் இருக்கு. கடைசி நாலை மொதல்ல புடி. அப்புறம் சீரியல், அப்புறம் ஆர்.டி.ஓ. கோடு. வண்டி என்ன, கலர் என்ன, எங்க அடிபட்டிருக்கு, அதையும் சேர்த்துச் சொல்லு." நம்பர் முழுதும் சரியாக வந்து வண்டியைச் சொல்லாமல் விட்டால், அவர் கணக்கில் அது பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் எழுதினால் திட்டு விழும். குனிந்து எழுதுகிற நேரத்தில் வண்டி போய்விடும் என்பார். சாயங்கால வெயிலில் பிளேட் பளபளத்து ஒன்றும் தெரியாதபோது தலையை லேசாகச் சாய்க்கச் சொன்னார். சாய்த்ததும் எழுத்தின் விளிம்பு தெரிந்தது. மைக்கில் 'பி', 'டி' என்று சொல்லவே விடமாட்டார், பிராவோ, டெல்டாதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பிளேட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சந்தனம் காய்ந்து 3-ன் இடது பக்கத்தை அடைத்திருக்கும். கேமரா அதை 8 என்று எடுத்துக்கொள்ளும். சந்தனத்துக்கு அடியில் எழுத்தின் மேடு நம் கண்ணுக்குத் தெரியும். சீரியலில் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிட்டதே 1, 0 என்று குழம்பக் கூடாது என்றுதான். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் வந்தது: அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசர் எண், கழற்றினால் உடையும் பூட்டு. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இன்றும் ஸ்டிக்கர் கடைக்காரர் வைத்ததுதான் எழுத்து. பையன்கள் பிளேட்டை மேல்நோக்கி மடக்கி ஓட்டுவதைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம்கூட மென்பொருளைத் திருத்திச் சரிசெய்துவிடுவார்கள். என் ஆற்றாமை வேறு.

திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, அவர் போயே இராத ஒரு நகரத்திலிருந்து இ-செலான் வந்தது. ஹெல்மெட் இல்லையாம். "சார், இது என் வண்டியே இல்ல" என்று போனை நீட்டினார். படத்தில் இருந்தது சிவப்பு பைக். அவரிடம் இருப்பது சாம்பல் நிற ஸ்கூட்டர். நம்பர் மட்டும் எழுத்துக்கு எழுத்து அவருடையது. கேமரா பிழையில்லாமல்தான் படித்திருக்கிறது. படத்தைச் சரிபார்க்க உட்கார்ந்தவர், வாகன் என்ற அரசு வாகனப் பதிவேட்டில் இருக்கும் கம்பெனியையும் நிறத்தையும் படத்தோடு ஒப்பிடாமல் அனுப்பிவிட்டார்.

அலைக்கழித்து, கடைசியில் செலானை ரத்து செய்தார்கள். தவறு திருத்தப்பட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். அடுத்தவன் நம்பரை மாட்டிக்கொண்டு ஒருவன் ஏன் ஓட்டுகிறான்? திருட்டு வண்டியாக இருக்கலாம், செயின் பறிக்கிறவனாக இருக்கலாம். எங்கள் ஏட்டையாவாக இருந்தால் அந்த நிமிஷமே மைக்கில் போயிருக்கும். நம்பரும் வண்டியும் ஒட்டவில்லை என்றால் அதுதான் கேஸே. கையில் வந்து விழுந்ததை எடுத்து வெளியே போட்டிருக்கிறார்கள்.

2021-ல் மோட்டார் வாகன விதிகளில் 167ஏ-வைச் சேர்த்தபோது, இந்தக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும் என்றார்கள். நல்லது. கருவி எடுத்த படத்தைப் பார்த்து 'சரி' என்று அழுத்துகிறவருக்கு என்ன சோதனை? மணிக்கு எத்தனை படம் முடித்தார் என்பதைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். பார்க்கக் கற்காதவர் கையில் அந்தப் பொத்தானைக் கொடுப்பது, சாலையில் ஒழுங்காகப் போகிறவனுக்குச் செய்கிற அநியாயம். புதிதாக வரும் பிள்ளைகளை அந்தத் திரைக்கு முன்னால் உட்காரவைக்கும் முன், ஒரு மாதமாவது சிக்னலில் ஒரு பழைய ஏட்டோடு நிறுத்துங்கள். வண்டி தாண்டியதும் அவர் "சொல்லு" என்று கேட்கட்டும்.