முட்டு எங்கே ஊன்றுகிறது?

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய பள்ளத்துச் சுவர் வரைபடத்தையும் கணக்கையும் பார்த்தேன். சுவரைத் தாங்கும் சாய்வு முட்டுகள் அத்தனைக்கும் 45 டிகிரி போட்டிருக்கிறாய். ஏன் என்று கேட்டால் "அதுதானே வழக்கம்" என்பாய். போனில் சொன்னால் ‘ம்’ கொட்டிவிட்டு மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் சைட்டிலும் வேறு வழியில்லாத கதைதான். சுவரை இழுத்துப் பிடிக்கும் ஆங்கர் தன் மனைக்கு அடியில் போகக் கூடாது என்கிறார் பக்கத்து மனைக்காரர். எதிர்ச்சுவர் வரை நேர் ஸ்ட்ரட் கொடுக்கப் பள்ளத்தின் அகலம் விடாது. மிச்சம் சாய்வு முட்டுதான்.

ஒரு முட்டுக்கு மண் கிடைமட்டமாக 20 டன் தள்ளுகிறது என்று வை. 45 டிகிரியில் முட்டுக்குள் 28 டன். முட்டாக வைக்கும் குழாய் அதைத் தாங்கும். ஆனால் சுவரை மேலே தூக்கும் விசையும் 20 டன்! 30 டிகிரிக்குத் தணித்தால் முட்டில் 23, தூக்குவது பதினொன்றரை. சுவரின் பைல்களின் எடையும் உராய்வும் அதைப் பிடித்துக்கொள்ளுமா? உன் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லையேடா. தணித்தால் முட்டு நீளும், வளையும் அபாயம் கூடும், வேலை செய்யும் இடத்தையும் அடைக்கும். காண்ட்ராக்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அடி ஊன்றும் இடம் இன்னும் முக்கியம். மண்ணில் தனிக் கான்கிரீட் கட்டை வைத்தால், அது நகரும் அளவுக்குச் சுவரும் நகரும். நாங்கள் சுவரோரம் மண்ணைச் சரிவாக விட்டுவிட்டு நடுவில் தோண்டி, ராஃப்ட் அடித்தளம் போட்டு, அதில் முட்டின் அடியை ஊன்றிய பிறகுதான் சரிவை எடுக்கிறோம். முட்டு வரும்வரை அந்தச் சரிவுதான் காவல். வெயிலில் இந்த ஊர்ச் செம்மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதை நம்பிச் சரிவைக் குறைத்தால் ஒரு மழை போதும்.

சுவரோடு கிடையாக ஓடும் வேலர் முட்டோடு சேரும் மூட்டைத் தனியாகப் பார். சாய்வு முட்டு வேலரைச் சுவரோடு மேலே வழுக்கப் பார்க்கும்; தடுக்க பிராக்கெட் வேண்டும். சிங்கப்பூர் நிக்கல் நெடுஞ்சாலையோரம் 2004 ஏப்ரல் 20-இல் மெட்ரோப் பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவை நேர் ஸ்ட்ரட்கள். ஆனால் முதலில் தோற்றது ஸ்ட்ரட்டும் வேலரும் சேரும் மூட்டு. அதன் சுமை பக்கத்து மூட்டுகளுக்குப் போய் அவையும் தோற்றன.

திருத்திய கணக்கை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, மூட்டு விவரம் தனித் தாளில். தீபாவளிக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா