வெட்டாத நாளின் கூலி

பெங்களூர்த் தோட்டங்களைச் சென்னைக்காரர்கள் பொறாமையோடு பார்ப்பதுண்டு. மழைக் கணக்கைப் பார்த்தால் அதில் நியாயமே இல்லை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், பெங்களூருக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் சென்னையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே பெங்களூரில் ஏப்ரலில் கோடை மழையாகத் தொடங்கி, தென்மேற்கிலும் வடகிழக்கிலும் பங்கு வாங்கிக்கொண்டு, நவம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். செடிகளுக்குக் கொண்டாட்டம்தான். கொஞ்சம் அசந்தால் வேலியில் நட்ட துராந்தா தெருப்பக்கம் சாய்ந்து, போகிற வருகிறவர்களின் தோளை உரசும்.

ஜெயநகரில் எங்களுடையது முப்பதுக்கு நாற்பது அடி சைட். துராந்தா வேலி, இரண்டு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி, சில ரோஜா, சுவரேறிய காகிதப்பூ. பக்கத்தில் லால்பாக்கை வைத்துக்கொண்டு இதைத் தோட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். இதற்கும் ஒரு மாலி உண்டு. திகளர் சமூகத்துப் பெரியவர். ஹைதர் அலி 1760இல் லால்பாக்கைத் தொடங்கிய காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் தோட்டக்காரச் சமூகம் அது. பெங்களூர்க் கரகம் எடுப்பவர்களும் அவர்கள்தான். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். அவர் தமிழில் பாதி கன்னடம் இருக்கும்.

அவர் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு என்பதை இப்போது சொல்லிவிடலாம். ஆள் வந்தால் உடனே வேலையைத் தொடங்கமாட்டார். செடியைச் சுற்றி வருவார். இலையைத் திருப்பி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். கொம்பை அசைத்துவிட்டுச் சொட்டுகிற தண்ணீரைப் பார்ப்பார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அரை நாள் கூலியை மனசுக்குள் கழித்துக்கொண்டிருப்பேன். ஒரு ஜூலை மாதம் வந்தவர் மண்ணில் காலை அழுத்திக் காட்டினார். "இன்னைக்கு வேணாம்மா. ஈரம் காயல. நாலு நாள் வெயில் அடிக்கட்டும்." வந்துபோன பஸ் காசைக் கொடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதே வாரம் பக்கத்து வீட்டுக்கு ஒப்பந்தத்தில் ஆட்கள் வந்தார்கள். பெட்ரோல் மெஷின், பச்சைச் சட்டை, தூறலிலேயே வேலை. வேலி, ரோஜா, இட்லிப்பூ எல்லாம் மேஜை மாதிரி ஒரே மட்டம். அதைப் பார்த்து எனக்கு வந்தது சுத்தமான பொறாமை. நம் மாலியை மாற்றிவிடலாமா என்றுகூட வீட்டில் கேட்டேன்.

துராந்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படி வெட்டினாலும் தாங்கும். இட்லிப்பூ கொம்பின் நுனியில்தான் பூக்கும். நுனியெல்லாம் போனதால் அந்த வீட்டில் வெகுநாள் பூவே இல்லை. ரோஜாதான் பரிதாபம். வெட்டுவாயில் கறுப்புத் தொடங்கி, விரல் அளவு, சாண் அளவு என்று தண்டோடு கீழே இறங்கியது.

காரணத்தை மாலிதான் பிறகு ஒரு நாள் எங்கள் ரோஜாவில் காட்டினார். வெட்டுவாய் என்பது புண். மழைத்துளி தெறிக்கும்போது பூஞ்சை வித்தும் கூடவே தெறிக்கிறது. புண் காயாத நாளில் அது நேரே உள்ளே போய்விடும். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரே வெட்டு. சாய்வு இருந்தால் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். பிறகு தாமிர மருந்தைக் குழைத்து நுனியில் ஒரு தீற்று. அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். வேலியை வெட்டும்போது அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் விட்டார். தலை அகன்றால் அடியிலைக்கு வெயில் போகாது, அடி மொட்டையாகிவிடும். உள்ளே அடர்ந்து குறுக்கே ஓடும் கொம்புகளை மட்டும் எடுத்துக் காற்றுக்கு வழி செய்தார். மழைக்காலத்தில் அந்த அடர்த்திக்குள்தான் ஆப்பிரிக்க நத்தைகள் குடியிருக்கும். அன்று ஒரு வாளி நிறையப் பொறுக்கினோம்.

கவாத்துக்கு அவரிடம் காலண்டரே உண்டு. ரோஜாவுக்கு மழை பின்வாங்கும் அக்டோபர் கடைசி. மல்லிகைக்கு நவம்பர் கடைசியிலிருந்து. காகிதப்பூவுக்கும் மழை ஓய்ந்த பிறகுதான். வறட்சியில்தான் அது பூத்துத் தள்ளும். செம்பருத்தி புதுத் துளிரில் பூப்பதால் வெயில் கிடைத்த வாரத்தில் லேசாக வெட்டலாம். எதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கமாட்டார்.

இப்போதும் அவர் சுற்றிச் சுற்றித்தான் வருகிறார். மழை நாளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற வழக்கமும் போகவில்லை. பஸ் காசோடு அரை நாள் கூலியும் கொடுத்துவிடுகிறேன். முதல் தடவை வாங்கத் தயங்கினார்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்து, செடியைப் பார்த்து, "இன்னைக்கு வேணாம்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். காபி கொடுங்கள், கூலியையும் கொடுங்கள். மெஷின்காரர் மழையில் வந்து நின்றால் காபியோடு அனுப்பிவிடுங்கள்.